முப்பது பேர் ஓம் போட்ட கதை

உதைபந்து என்றால் காலால் உதைக்கிற பந்து. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? யாழ்ப்பாணத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் எழுபதுகளின் நடுவில், ரொறன்ரோவில் நான் படித்த கல்லூரியின் அறிவித்தல் பலகையில் 'புட்போல் அணிக்கு ஆட்கள் தேவை' என்று ஒரு காகிதம் தொங்கியபோது, எழுதியவன் நினைத்தது வேறு, வாசித்த நான் நினைத்தது வேறு. இந்த நாட்டில் புட்போல் என்றால் பந்தைக் கையில் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவது. ஓடுகிறவனை ஆறு பேர் சேர்ந்து நிலத்தோடு தேய்ப்பது. அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இருக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், நான் போனதே அதற்காகத்தான். வந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. அந்த ஒரு வருடத்தில் என்னோடு நாலு வசனம் சேர்த்துக் கதைத்தவர் ஒரே ஒருவர்: நான் அறை எடுத்திருந்த வீட்டின் மேல்மாடியில் இருந்த அண்ணை. அவரும் யாழ்ப்பாணம்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. வகுப்பில் என் பக்கத்துக் கதிரை எப்போதும் காலியாகக் கிடக்கும். அப்பாவின் தமிழ்ப் பற்றினால் என் பெயரில் ஒரு ஞகரமும் இரண்டு ழகரமும் உண்டு. அதை வாசிக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் விரிவுரையாளர்களுக்கு இருமல் வந்துவிடும். அண்ணைக்குச் சனி ஞாயிறில் வேலை என்றால், திங்கட்கிழமை பஸ்ஸில் 'தாங்க்யூ' சொல்லும்போதுதான் நான் வாய் திறப்பேன். குரல் கரகரவென்று வரும். எனக்கு மனிதர்கள் வேண்டியிருந்தார்கள். விளையாட்டு இரண்டாம் பட்சம்.

ஆகவே அரைக் காற்சட்டையோடும் வெறுங்காலோடும் மைதானத்துக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் விளையாடினோம். அங்கே முப்பது பேர் நின்றார்கள். ஒவ்வொருவனும் தோளில் பலகை வைத்துக் கட்டி, தலையில் இரும்புக் கம்பி போட்ட தொப்பி மாட்டியிருந்தான். என்னை ஈரத் துணியோடு நிறுத்தாலும் நூற்றிருபது இறாத்தல் தாண்டாது. அவர்களில் ஒருவனின் தொடை அவ்வளவு இருக்கும். சரி, வந்த வழியே திரும்புவோம் என்று நினைத்த நேரத்தில் பயிற்சியாளர் கண்டுவிட்டார். அவர் கல்லூரியில் புவியியல் படிப்பிப்பவர். மீசையை விசிலுக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டு வந்து, பெயரென்ன என்று கேட்டார். சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பென்சிலை ஒருமுறை பார்த்துவிட்டு, அதைக் காதில் செருகிக்கொண்டார்.

பிறகு பந்தைத் தந்தார்கள். உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூர்ந்த பந்து. “இதை என்ன செய்வாய்?” என்று ஒருவன் சிரித்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் கால்தான் முதலில் பேசும். பந்தை நிலத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் ஓடிவந்து, பாதத்தின் உட்பக்கத்தால் ஒரு உதை விட்டேன். அவர்கள் எல்லோரும் நேரே ஓடிப் பெருவிரலால் குத்துகிறவர்கள்; இப்படி ஒரு உதையை அவர்கள் கண்டதில்லை. பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவால் போய் அப்பால் நின்ற காருக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

பயிற்சியாளர் என்னை அணியில் போட்டார். எனக்கு ஒரே வேலை: கூப்பிட்டால் போய் உதைப்பது, உதைத்தபின் களத்தோரத்து வாங்குப் பலகையில் வந்து இருப்பது. பந்தை நிலத்தில் நிறுத்திப் பிடிப்பதற்கு ஒரு செம்பட்டைத் தலையனைத் தந்தார்கள். ஆறடி நாலு அங்குலம். கழுத்தில் உருத்திராட்சம் மாதிரி ஏதோ மணி. கிழமைக்கு இரண்டு நாள் யாரோ ஒருவரின் நிலவறையில் யோகா பழகுகிறானாம். முழங்காலை ஊன்றி இருந்து, தலையைத் திருப்பி, “ரெடியா?” என்று கேட்டான்.

“ஓம்,” என்றேன்.

இந்தியத் தமிழர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவர்கள் ஆமாம் என்பதை நாங்கள் ஓம் என்போம். சாப்பிட்டாச்சோ? ஓம். கதவு பூட்டினியோ? ஓம். மழையோ? ஓம். அதில் ஆன்மீகம் ஒரு துளியும் கிடையாது. பதற்றம் வந்தால் என் இங்கிலீஷ் எல்லாவற்றுக்கும் முதல் ஓடிப்போய்விடும். மிஞ்சுவது இது மட்டும்தான். அதிலும் நான் வேதக்காரன், கத்தோலிக்கன். ஞாயிறு பூசை தவறாத குடும்பம். ஆனால் செம்பட்டையனின் கண்கள் அப்படியே விரிந்தன. நான் உதைத்தேன், பந்து நடுவால் போனது. “அதை நீ ஒவ்வொரு தரமும் சொல்வாயா?” என்று மெதுவாகக் கேட்டான்.

“ஓம்,” என்றேன்.

அவ்வளவுதான். அன்று பின்னேரமே அணி முழுக்கத் தெரிந்துவிட்டது, இந்தப் பொடியன் மந்திரம் சொல்லித்தான் உதைக்கிறான் என்று. முதல் ஆட்டத்தில், நான் ஓம் என்றதும், களத்தில் நின்றவர்களும் வாங்கில் இருந்தவர்களுமாக முப்பது பேரும் ஒரே குரலில் “ஓஓஓம்” என்றார்கள். எதிரணிக்காரன் ஒருவன் வானத்தைப் பார்த்தான். பந்து போனது. மூன்று புள்ளி. அன்றிலிருந்து என் பெயர் சுவாமி.

வீட்டுக்கு வந்து அண்ணையிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. எங்கள் பக்கத்தில் பாதிரியாரைச் சுவாமி என்றுதான் கூப்பிடுவோம்.

“சுவாமியோ? கொம்மா உன்னைச் சுவாமியாக்கவெண்டு எவ்வளவு கெஞ்சினவ. மாட்டன் எண்டு பிளேன் ஏறினனீ. இப்ப பார், வெள்ளைக்காரன் ஒரு கிழமையில ஆக்கிப்போட்டான்.”

“பகிடி விடாதேங்கோ அண்ணை. நான் என்ன செய்யிறது?”

“என்ன செய்யிறதோ? அது வெறும் யெஸ் தானடாப்பா எண்டு சொல்லிவிடு.”

சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் நம்பியது என் காலை அல்ல, மந்திரத்தை. மந்திரம் பொய் என்றால் நான் நூற்றிருபது இறாத்தலில் ஒரு புளுகன். என்னைத் துரத்திக் கலைத்துவிடுவார்கள். அதுவுமில்லாமல், இரண்டாம் கிழமை பயிற்சியாளர் எங்களை இருத்தி ஒரு செய்தி சொன்னார். அணி இரண்டு வருடமாக ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. இந்த வருடமும் ஒன்றாவது வெல்லாவிட்டால் கல்லூரி அணியை மூடிவிட்டு, மைதானத்தைக் கார் நிறுத்துமிடம் ஆக்கப் போகிறது. அவர் அதைச் சொல்லும்போது விசிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். என் முதுகில் தட்டி “எப்படி, சுவாமி?” என்று கேட்க அந்த ஊரில் முப்பது பேர் கிடைத்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. அவர்களை இழந்து மறுபடி திங்கட்கிழமை 'தாங்க்யூ'வுக்குப் போக நான் தயாரில்லை. ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

நாங்கள் தோற்றோம். சும்மா தோற்கவில்லை, வடிவாகத் தோற்றோம். எங்கள் ஆட்கள் பந்தோடு ஓடினால் பின்பக்கமாகத்தான் ஓடுவார்கள் போலிருந்தது. புள்ளி என்று ஏதாவது வந்தால் அது என் காலால் வந்தது. அதனால் சுவாமியின் மகிமை தோல்விக்குத் தோல்வி ஏறியது. வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் ஒவ்வொருவனாக வந்து பக்கத்தில் இருந்து தன் தன் மனக்குறையைச் சொல்லத் தொடங்கினான். மாட்டுத் தோளோடு முன்வரிசையில் நிற்பவன் ஒருவன் ஏதோ நீளமாகச் சொல்லி, கண்கலங்கி, கடைசியில் ஒரு கேள்வி கேட்டான். வாய்க்குள் மென்று பேசியதால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரியாதைக்கு “ஓம்” என்றேன். அவன் கேட்டது, விட்டுப்போன காதலி திரும்பி வருவாளா என்பதாம். செவ்வாய்க்கிழமை அவள் வந்துவிட்டாள். பிறகு யார் என்ன சொல்லிக் கேட்கப் போகிறார்கள்?

பயிற்சியாளர் மட்டும் படித்த மனிதர், எதையும் விசாரித்துத்தான் நம்புவார். கல்லூரியில் இருந்த இன்னொரு தமிழரைத் தேடிப் பிடித்தார். கும்பகோணத்துக்காரர், கணிதத்தில் ஆராய்ச்சி செய்தவர். அந்த மனிதர் மறுநாள் என்னை நூலக வாசலில் மறித்தார். முகம் பூரித்திருந்தது.

“தம்பி, உங்க கோச் வந்து ஓம்னா என்னன்னு கேட்டார். பிரணவம்னேன். சிருஷ்டிக்கே மூலநாதம்னேன். போர்டுல படம் போட்டு அரை மணி நேரம் விளக்கியிருக்கேன். மனுஷன் நோட்ஸ் எடுத்துக்கிட்டார்!”

“ஐயோ, நான் அதைச் சொல்லேல்லை. நான் சும்மா ஆமாம் எண்டதுக்குத்தான் ஓம் எண்டு சொன்னனான்.”

அவர் புருவத்தை உயர்த்தினார். “ஆமாம்கறதுக்கு ஆமாம்னே சொல்லலாமே, தம்பி?”

கல்லூரியில் தமிழ் பேசுகிற மற்ற ஒரே மனிதரும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியாகிவிட்டது. மனச்சாட்சி தாங்காமல் அந்தச் சனிக்கிழமை தேவாலயத்துக்கு, செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முப்பது பேர் என்னால் வேற்று மந்திரம் சொல்கிறார்கள் என்று சுவாமியிடம் சொன்னேன். தட்டிக்கு அப்பால் இருந்தவர், அணி இந்த வருடம் ஒரு ஆட்டமாவது வென்றதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் அதில் ஒரு சக்தியும் இல்லை, பயப்படாதே என்று சொல்லி, பரிகாரமாக மூன்று 'அருள்நிறைந்த மரியே' மந்திரத்தோடு அனுப்பிவிட்டார்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். பனியும் மழையும் கலந்த ஒரு கோதாரி கொட்டிக்கொண்டிருந்தது. களம் உழுத வயலாகிவிட்டது. பார்வையாளர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அதில் இரண்டு பேர் என் ஆட்கள்: பிளாஸ்க்கோடு அண்ணை, குரங்குத் தொப்பியும் குடையுமாகக் கும்பகோணத்துக்காரர். அண்ணை அன்றுதான் முதல் தரம் வந்தார். நான் ஓம் என்று, முப்பது பேரும் ஓம் என்றபோது, அவர் தொடையில் அடித்துச் சிரிப்பது களத்தின் நடுவுக்குக் கேட்டது. கும்பகோணத்துக்காரர் கண்ணை மூடிக் கைகூப்பியிருந்தார்.

அந்தச் சேறு எங்களுக்கு உதவியது. அதில் கெட்டிக்காரனும் விழுந்தான், மொக்கனும் விழுந்தான். விழுவதில் எங்களுக்கு இருந்த அனுபவம் அவர்களுக்கு இல்லை. கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் சம புள்ளி. பந்து எங்கள் கையில். ஒரே ஒரு தடவை உதைக்க நேரம் இருந்தது. பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். விசிலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நடந்து போனேன். கம்பங்கள் எங்கேயோ தொலைவில் நின்றன. காற்று முகத்துக்கு நேரே அடித்தது. வலது கால் விறைத்து, தட்டிப் பார்த்தாலும் தெரியவில்லை. இது போகாது என்று எனக்குத் தெரியும். போகாவிட்டால் நாளைக்கு இங்கே கார் நிறுத்துவார்கள். நான் மறுபடி தனி ஆள். எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். மழையில் ஒருவருக்கும் தெரியவில்லை. செம்பட்டையன் சேற்றில் முழங்காலை ஊன்றி, திரும்பி, “ரெடியா?” என்று கேட்டான்.

இங்கிலீஷ் வரவில்லை. பொய்யும் வரவில்லை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக உண்மை வந்தது.

“இல்லை,” என்றேன்.

அவன் முகம் பூவாக மலர்ந்தது. கடைசி நேரத்துக்கென்று சுவாமி ஒரு புது மந்திரம், பெரிய மந்திரம், ஒளித்து வைத்திருந்திருக்கிறார்! அவன் முன்னால் திரும்பி அதை உரக்கச் சொன்னான். மறுகணம் முப்பது தொண்டைகள் அந்த மைதானம் அதிர, “இல்லாஆஆய்!” என்று கத்தின.

“ஐயோ, அவன் இல்லையெண்டுறானடா!” என்று அண்ணையின் குரல் கேட்டது. “கோதாரியில போவாரே, அவன் ஏலாதெண்டெல்லோ சொல்லுறான்!”

பந்து வந்துவிட்டது. உதைத்தேன். இடது கால் வழுக்கியது, பந்து கோணியது. இடப்பக்கக் கம்பத்துக்கு வெளியே நாலு முழம் தள்ளிப் போவதைப் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க மனமில்லை. அப்படியே சேற்றில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டேன். பின்னால் ஏதோ கூச்சல் கேட்டது. பிறகு நிலம் அதிர்ந்தது. ஓடி வருகிறார்கள். ஒருவன் விழுந்தான் மேலே, இரண்டாமவன் விழுந்தான், பிறகு எண்ண முடியவில்லை. அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, “அடிக்காதேங்கோ, அடிக்காதேங்கோ!” என்று சுத்தத் தமிழில் குளறினேன். அதையும் இரண்டு பேர் திருப்பிச் சொன்னார்கள்.

நடந்தது இதுதான். இந்த நாட்டு விளையாட்டில் ஒரு விசித்திரமான விதி. உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனாலும், அது விழுந்த, கம்பங்களுக்குப் பின்னால் உள்ள கடைசிக் கட்டத்துக்குள்ளிருந்து எதிரணிக்காரன் அதை வெளியே கொண்டுவர வேண்டும். கொண்டுவர முடியாமல் உள்ளேயே பிடிபட்டால், தவறவிட்டவனுக்கு ஒரு புள்ளி! பந்தைப் பிடித்தவன் ஓடத் திரும்பி, சேற்றில் சறுக்கி, அங்கேயே குப்புற விழுந்து, எங்கள் மாட்டுத் தோள்காரனுக்கு அடியில் அகப்பட்டுவிட்டான். அந்த ஒரு புள்ளியால் நாங்கள் வென்றுவிட்டோம். நான் முன்பும் தவறவிட்டிருக்கிறேன்தான்; ஆனால் அடித்து நொறுக்கப்பட்ட ஆட்டங்களில் ஒற்றைப் புள்ளியை யார் எடுத்துச் சொல்வார்கள்? விதிப் புத்தகத்தை நான் திறந்ததே இல்லை. அந்தப் புள்ளிக்கு ரூஜ் என்று பெயர். இப்போது நகரின் கிழக்கே அதே பெயருள்ள ரூஜ் ஆற்றுப் பக்கம் எங்கள் ஆட்கள் வீடு வாங்கிக் குடிபோகிறார்கள். விலாசம் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

உடைமாற்றும் அறையில் ஒரே கொண்டாட்டம். பயிற்சியாளர் மூலையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். செம்பட்டையன் வாங்கில் ஏறி நின்று, அடுத்த வருடத்திலிருந்து பழைய மந்திரம் வேண்டாம், புதியதுதான் என்று அறிவித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. போதும், போதும் என்றாகிவிட்டது. நானும் ஒரு வாங்கில் ஏறினேன். அப்போதும் அவனை விடக் கட்டையாகத்தான் இருந்தேன்.

“அது மந்திரமில்லை,” என்றேன். “எங்கள் பாஷையில் ஓம் என்றால் யெஸ். இல்லை என்றால் நோ. நான் மந்திரக்காரனுமில்லை, சுவாமியுமில்லை. எனக்கு உதைக்கத் தெரியும். வேறொன்றும் தெரியாது.”

செம்பட்டையன் விரலை மடக்கி எதையோ கணக்குப் பார்த்தான்.

“அப்படியென்றால் சற்றுமுன் நான் ரெடியா என்று கேட்டபோது, நீ இல்லை என்று சொன்னாயா?”

“ஓம்,” என்றேன்.

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. பிறகு சிரிக்காதவன் ஒருவனும் இல்லை. செம்பட்டையன் வாங்கிலிருந்து இறங்கி நிலத்தில் உருண்டான். மாட்டுத் தோள்காரன் மட்டும் என் கையைப் பிடித்து, அவள் திரும்பி வந்தது எப்படி என்று கவலையோடு கேட்டான். அது அவளாக வந்தது, உன்னைப் பிடித்துத்தான் வந்திருப்பாள் என்றேன். அவன், அது மந்திரத்தைவிட நல்லது என்றான்.

சிரிப்பு ஓய்ந்ததும் பயிற்சியாளர் வந்தார். கையில் அணிப் பதிவேடு. அணி இருக்கப் போகிறது, அடுத்த வருடத்துக்கு ஆட்களின் பெயர் கொடுக்க வேண்டும், சுவாமி என்று எழுதிக் கொடுக்க முடியாது என்றார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“உன் பெயர் என்ன?”

சொன்னேன். பென்சில் நின்றது. ஆனால் இந்த முறை அவர் அதைக் காதில் செருகவில்லை. “மெதுவாகச் சொல்,” என்றார். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் சொல்லிப் பார்த்தார். பிழை. செம்பட்டையன் சொன்னான். அதைவிடப் பிழை. நாக்கை எங்கே வைப்பது என்று கேட்டான். வாயைத் திறந்து காட்டினேன். பிறகு சுற்றி நின்று, சேறும் வேர்வையுமாக, முப்பது பேரும் நாக்கை மடித்து மடித்து என் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவனுக்கும் வரவில்லை. ஒருவனும் விடவில்லை.

அண்ணை கதவடியில் தலையை நீட்டினார். “டேய், கெதியா வா. பஸ் வருது.”

“நீங்கள் போங்கோ அண்ணை,” என்றேன். “நான் அடுத்த பஸ்ஸில வாறன்.”